டாரெண்டம் கூப்பிட்ட இரண்டு மன்னர்கள்: அலெக்சாண்டரா, பிர்ரஸா?

பிர்ரஸ் யார் என்று தெரியாதவர்களுக்கும் ‘பிர்ரிக் வெற்றி’ என்ற சொல் தெரிந்திருக்கும். ஜெயித்தவனே நொடிந்துபோகும்படியான வெற்றி. கி.மு. 280-இல் தென் இத்தாலியின் டாரெண்டம் நகரம் ரோமுக்கு எதிராகக் கூப்பிட, யானைகளோடு கடல் தாண்டிப் போன எப்பைரஸ் மன்னன் அவன். அதற்கு 54 வருஷம் முன்னால், அதே டாரெண்டம் அதே குடும்பத்திலிருந்து இன்னொரு மன்னனைக் கூப்பிட்டது. அவனும் அதே கடலைத் தாண்டினான், அவனும் ஜெயித்தான், ஆனால் உயிரோடு ஊர் திரும்பவில்லை. அவன் பெயர் அலெக்சாண்டர். பாரசீகத்தை வென்ற மகா அலெக்சாண்டருக்குத் தாய்மாமன். மருமகனுக்கும் அதே பெயர் அமைந்ததால் மாமனைப் பற்றி யாரும் பேசாமலே போனார்கள்.

இந்த இரண்டு பேரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்க்களத்தில் படையை நடத்த ஒருவன் வேண்டுமென்றால் பிர்ரஸ்தான். அதில் பேச்சே இல்லை. இத்தாலிக்கு ஒருவனை அனுப்பவேண்டும் என்றால் நான் அலெக்சாண்டரைத்தான் அனுப்புவேன்.

எதை வைத்து அளப்பது

இருவரும் மொலோசியர் என்ற இனக்குழுவின் மன்னர்கள். கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில், பிந்தஸ் மலைத்தொடருக்கும் அயோனியக் கடலுக்கும் நடுவே இருக்கும் எப்பைரஸ்தான் அவர்கள் நாடு. ஏதென்ஸ் போலவோ கொரிந்த் போலவோ நகர நாடு கிடையாது. சிதறிக்கிடக்கும் ஊர்கள், மேய்ச்சல் நிலம், ஆடு மாடு, அவற்றைக் காக்கும் பெரிய நாய்கள். மொலோசிய நாய் என்றால் அன்றைய கிரேக்க உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. ஓக் மரத்தின் இலைச் சலசலப்பில் கிரேக்கரின் தலைமைக் கடவுள் சேயுஸ் குறி சொல்வதாக நம்பப்பட்ட டொடோனா கோயிலும் இவர்கள் கையில்தான் இருந்தது. அரச குடும்பம் தன்னை டிராய் போரின் வீரன் அக்கிலீஸின் வாரிசு என்று சொல்லிக்கொண்டது.

இந்த மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாசரோன் என்ற இடத்தில் சேயுஸுக்குப் பலி கொடுத்துவிட்டு, மன்னனும் மக்களும் எதிரெதிரே நின்று சத்தியம் செய்வார்கள். சட்டப்படி ஆள்வேன் என்று மன்னன் சொல்ல, சட்டப்படி இந்த அரசைக் காப்போம் என்று மக்கள் சொல்வார்கள். வெறும் சடங்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அலெக்சாண்டரின் அப்பா நியோப்டோலெமஸ் காலத்துக் கல்வெட்டு ஒன்று டொடோனாவில் கிடைத்திருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் குடியுரிமை கொடுக்கும் தீர்மானம் அது. மன்னன் பெயரோடு நிற்காமல் தலைவர், எழுத்தர், உட்குழுக்களின் பிரதிநிதிகள் என்று அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கிறது. மொலோசிய முடியாட்சி இவ்வளவு காலம் நிலைத்ததற்கு மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பு இருந்ததே காரணம் என்று அரிஸ்டாட்டிலும் சொல்கிறார்.

அதனால் இந்த இருவரையும் ஜெயித்த சண்டைகளின் எண்ணிக்கையை வைத்து அளக்க எனக்கு மனம் வரவில்லை. பாசரோனில் செய்த சத்தியத்துக்கும், கடல் தாண்டிக் கூப்பிட்டவர்களுக்குக் கொடுத்த வாக்குக்கும் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்கலாம்.

சிம்மாசனம் வந்த வழி

இதில் இருவர் கையும் சுத்தமில்லை.

அலெக்சாண்டரின் அக்கா ஒலிம்பியாஸை கி.மு. 357-இல் மாசிடோனியாவின் பிலிப் மணந்தான். தம்பி பிலிப்பின் அரண்மனையில் வளர்ந்தான். அப்போது மொலோசிய மன்னனாக இருந்தவன் அரிபாஸ், அலெக்சாண்டருடைய அப்பாவின் உடன்பிறந்தவன். கி.மு. 342 வாக்கில் பிலிப் அவனைத் துரத்திவிட்டு, சுமார் 20 வயது மச்சானை அந்த இடத்தில் உட்காரவைத்தான். அரிபாஸ் ஏதென்ஸில் தஞ்சம் புகுந்தான். ஏதென்ஸ் மக்கள் அவனுக்கு மரியாதை செய்து வெட்டிய கல்வெட்டு, தேர்ச் சிற்பத்தோடு இன்றும் இருக்கிறது. சொந்த ஊர்க்காரர்கள் கூடித் தேர்ந்தெடுத்த மன்னன் அலெக்சாண்டர் என்று சொல்லவே முடியாது. அக்கா புருஷன் தயவில் வந்தவன். பிலிப் அவனுக்குத் தெற்கே சில ஊர்களையும் பிடித்துக் கொடுத்தான். அதில் ஒன்றின் பெயர் பந்தோசியா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 336-இல் பிலிப்பின் மகள் கிளியோபாத்ராவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒலிம்பியாஸின் மகள், அதாவது அக்கா மகள். தாய்மாமன் கல்யாணம் என்றால் நமக்கு விளக்கமே வேண்டாம். அந்தக் கல்யாண விழாவில்தான் பிலிப்பை அவனுடைய மெய்க்காவலனே குத்திக் கொன்றான்.

பிர்ரஸ், துரத்தப்பட்ட அந்த அரிபாஸின் பேரன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அப்பாவையும் மொலோசியர் விரட்டிவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய விசுவாசிகள் ராத்திரியில் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. எவ்வளவு கத்தினாலும் அக்கரைக்காரர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவன் ஓக் மரப்பட்டையை உரித்து, உடை ஊசியின் முனையால் அதில் செய்தியைக் கீறி, கல்லில் சுற்றி அக்கரைக்கு எறிந்தான். படித்ததும் அவர்கள் மரங்களை வெட்டிக் கட்டி, மிதந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். இல்லிரிய மன்னன் கிளவுக்கியாஸின் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, அவன் ஏற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். குழந்தை தவழ்ந்து போய் அவன் உடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதாம். மாசிடோனியாவின் கசாண்டர் 200 தாலந்து தருகிறேன் என்று கேட்டும் கிளவுக்கியாஸ் குழந்தையைக் கொடுக்கவில்லை. 12 வயதில் அவனைக் கொண்டுவந்து அரியணை ஏற்றினான்.

17 வயதில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன சமயத்தில் அந்த அரியணை பறிபோனது. அதில் ஏறியவன் இன்னொரு நியோப்டோலெமஸ், நம் அலெக்சாண்டரின் மகன். கிளைக்குக் கிளை பழி தீர்க்கும் குடும்பக் கதை இது. பிர்ரஸ், மகா அலெக்சாண்டரின் தளபதிகளுக்குள் நடந்த இப்சஸ் போரில் சண்டையிட்டு, எகிப்துக்குப் பிணையாகப் போய், அங்கே மன்னன் தாலமியின் மனைவி பெரெனிக்கேயின் மகள் ஆன்டிகோனேயை மணந்து, கி.மு. 297-இல் ஊர் திரும்பினான். வந்ததும் நியோப்டோலெமஸோடு கூட்டாக ஆளச் சம்மதித்தான்.

அடுத்து நடந்தது அதே பாசரோனில். சத்தியம் செய்யும் நாள் விருந்தில் நியோப்டோலெமஸின் ஆள் கெலோன் என்பவன் பிர்ரஸுக்கு இரண்டு ஜோடி உழவு மாடு பரிசளித்தான். பானம் ஊற்றும் மிர்ட்டிலஸ் அந்த மாடுகளைத் தனக்குத் தரும்படி பிர்ரஸிடம் கேட்டான். பிர்ரஸ் வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். மிர்ட்டிலஸின் முகம் வாடியதைக் கெலோன் கவனித்து, ‘விஷம் வைக்கிறாயா?’ என்று தூண்டினான். மிர்ட்டிலஸ் நேராக வந்து பிர்ரஸிடமே சொல்லிவிட்டான். இதற்குள் நியோப்டோலெமஸ் தன் சகோதரி வீட்டில் உட்கார்ந்து இந்தத் திட்டத்தைப் பெருமையாகப் பேசியிருக்கிறான். ஆடுமாடுகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியின் மனைவி ஒருத்தி, சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுநாள் பிர்ரஸின் மனைவியிடம் சொன்னாள். பிர்ரஸ் இன்னொரு பலி நாளில் நியோப்டோலெமஸைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கொன்றான்.

இரண்டு ஜோடி மாட்டில் ஓர் அரசாட்சியின் தலைவிதி மாறியது. மொலோசிய அரசு எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு சின்ன வட்டத்தில் நடந்தது என்பது இந்த ஒரு சம்பவத்திலேயே தெரிந்துவிடுகிறது. சதி உண்மையாகவே இருக்கட்டும். விசாரணைக்குச் சட்டம் இருந்த ஊரில், பலிச்சோறு போட்டுக் கொன்றதை என்னால் ஏற்க முடியவில்லை. அலெக்சாண்டர் பதவிக்கு வந்த வழியும் சரியில்லைதான். ஆனால் அரிபாஸ் உயிரோடு போனான்.

ஊருக்கு என்ன செய்தார்கள்

இங்கே பிர்ரஸ் வெகுதூரம் முன்னே நிற்கிறான். மாசிடோனிய வாரிசுச் சண்டையில் உதவி செய்து, கூலியாக அம்பிராசியாவையும் அகர்னானியாவையும் எல்லை மாவட்டங்களையும் வாங்கினான். அம்பிராசியாவைத் தலைநகராக்கினான். மேய்ச்சல்கார நாட்டுக்கு முதல்முறையாக ஒரு பெரிய நகரம் கிடைத்தது. டொடோனாவின் பிரமாண்டமான கல் அரங்கத்தையும் அவன் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்றும் அங்கே போனால் மலைச்சரிவில் அது விரிந்து கிடக்கிறது. மொலோசியர் அவனைக் கழுகு என்று அழைத்தார்கள். ‘என் சிறகே நீங்கள்தானே’ என்று அவன் பதில் சொன்னானாம். வீட்டில் இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் அவன் வாழ்க்கையிலேயே பயனுள்ள காலம் என்பது என் கணிப்பு.

அலெக்சாண்டருக்கு மொத்தமே 11 வருஷம் கிடைத்தது. அதில் கடைசி மூன்றோ நாலோ இத்தாலியில் போனது. அவன் போன பிறகும் நாடு கலையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கிரேக்கத்தைப் பஞ்சம் வாட்டியபோது வட ஆப்பிரிக்காவின் சிரேனே நகரம் தானியம் அனுப்பிய கணக்கு கல்வெட்டாக இருக்கிறது. பட்டியலில் கிளியோபாத்ராவின் பெயருக்கு 50,000 மெடிம்னோய் (கிரேக்கத் தானிய அளவு). நகரங்களின் பெயர்களுக்கு நடுவே அவள் பெயரும் ஒலிம்பியாஸின் பெயரும் தனி ஆட்களாக நிற்கின்றன.

டாரெண்டத்தில் இறங்கிய பிறகு

டாரெண்டம் பணக்கார ஊர். நல்ல துறைமுகம், கம்பளி, சாயம் எல்லாம் உண்டு. ஆனால் சுற்றிலும் லூக்கானியர், புரூட்டியர், மெஸ்ஸாப்பியர் என்ற உள்நாட்டுக் குழுக்கள் அழுத்திக்கொண்டே இருந்தன. ஆபத்து வந்தால் கடல் தாண்டி ஒரு தளபதியைக் கூப்பிடுவது அந்த ஊரின் பழக்கம். அலெக்சாண்டருக்கு முன்னால் ஸ்பார்ட்டாவின் ஆர்க்கிடாமஸ் வந்து, கி.மு. 338-இல் அங்கேயே செத்தான்.

கி.மு. 334 வாக்கில் அலெக்சாண்டர் இறங்கினான். கொன்செண்டியா, தெரினா போன்ற ஊர்களைப் பிடித்தான். பேஸ்டம் அருகே லூக்கானியரையும், சாம்னைட்டுகள் என்ற இத்தாலிய மலைக்குழுவையும் சேர்த்து முறியடித்தான். பெரிய குடும்பங்கள் 300-ஐப் பிணையாக எப்பைரஸுக்கு அனுப்பினான். டொடோனாவின் சேயுஸ் முகம் பதித்த நாணயம் அடித்தான். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சண்டைக்கு நடுவே அவன் செய்த உடன்படிக்கைகள். பக்கத்துக் கிரேக்க ஊரான மெட்டபோண்டத்தோடு நட்பு. ரோமோடும் நட்பு. ரோமுக்கும் சாம்னைட்டுகள்தான் எதிரி, தனக்கும் அவர்கள்தான் எதிரி என்று கணக்குப் போட்டிருக்கிறான். காரியம் முழுசாகக் கைகூடியிருந்தால் அந்த நட்பை அவன் காப்பாற்றியிருப்பானா என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சந்தேகப்படுகிறார். இருக்கலாம். ஆனால் சாகும்வரை அவன் ரோமோடு சண்டைக்குப் போகவில்லை.

டாரெண்டத்தோடு மட்டும் அவனுக்கு ஒத்துப்போகவில்லை. இந்த ஆள் வேலை முடிந்து போகமாட்டான், தலைவனாகவே உட்கார்ந்துவிடுவான் என்று அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. அவர்கள் ஒதுங்க, அவன் அவர்களுடைய குடியேற்றமான ஹெராக்ளியாவைப் பிடித்தான். அங்கே வழக்கமாகக் கூடும் இத்தாலியக் கிரேக்கர்களின் பொதுக்கூட்டத்தை தூரி என்ற இன்னொரு கிரேக்க ஊரின் எல்லைக்குள் மாற்றப் பார்த்தான். அதற்காக ஆற்றங்கரையில் மதில் கட்டி இடம் தயார் செய்யச் சொன்னான். டாரெண்டத்தின் மேலிருந்த கோபம்தான் காரணம் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு யோசனையும் தெரிகிறது. தென் இத்தாலிக் கிரேக்க ஊர்கள் ஒரே ஊரின் பணத்தை நம்பி இருக்கக்கூடாது, சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு பொது இடம் வேண்டும். பாசரோன் வழக்கத்தில் வந்த ஒருவனுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான் அது.

இப்போது பிர்ரஸ். கி.மு. 280. 20,000 காலாட்படை, 3,000 குதிரை, 2,000 வில்லாளிகள், 500 கவண்காரர்கள், 20 யானை. ஊருக்குள் வந்ததும் உடற்பயிற்சிக் கூடங்களையும் உலாவும் இடங்களையும் மூடினான், குடியையும் கூத்தையும் நிறுத்தினான், ஆண்களைப் படையில் சேர்த்தான். டாரெண்டத்துக்காரர்கள் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இதில் எனக்கு பிர்ரஸ் மேல் குறையில்லை. சண்டைக்குக் கூப்பிட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களை வேறு எப்படிக் கையாள்வது?

ஹெராக்ளியாவில் ஜெயித்தான். யானையையே பார்த்திராத ரோமானியக் குதிரைகள் மிரண்டு ஓடின. பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘லூக்கானிய மாடு’. மறு வருஷம் அஸ்குலத்திலும் ஜெயித்தான். ரோம் தரப்பில் 6,000 பேர் செத்தார்கள். மன்னனின் குறிப்பேட்டுக் கணக்கின்படி அவன் தரப்பில் 3,505. வாழ்த்தியவர்களிடம், ‘இப்படி இன்னொரு முறை ஜெயித்தால் நாம் ஒழிந்தோம்’ என்றான். அவன் இழந்தவர்கள் கடல் தாண்டிக் கூட வந்த பழைய ஆட்கள். அவர்கள் இடத்தை நிரப்ப ஆள் கிடையாது. ரோம் ஊருக்குள்ளிருந்து புதுப் படையைத் திரட்டிக்கொண்டே இருந்தது.

சரி, இரண்டு முறை ஜெயித்தவன் அடுத்து என்ன செய்தான்? சிசிலிக்குப் போய்விட்டான். வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜை விரட்ட அங்கிருந்து அழைப்பு வந்ததும் அது பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது. டாரெண்டத்துக்காரர்கள், ‘வந்த வேலையை முடி, இல்லையென்றால் ஊரை இருந்தபடி விட்டுவிட்டுப் போ’ என்றார்கள். சும்மா இருங்கள் என்று சொல்லி, காவல் படையை வைத்துவிட்டுக் கப்பலேறினான். அவன் செய்ததிலேயே எனக்குப் பொறுக்காதது இதுதான். சிசிலியிலும் அதே கதை. எரிக்ஸ் கோட்டைமேல் முதல் ஆளாக ஏறிய வீரம் உண்மை. கார்த்தேஜ் பணமும் கப்பலும் தருகிறேன் என்று சமாதானம் பேசியபோது மறுத்து, ஆப்பிரிக்காவுக்கே போகத் துடுப்பு வலிக்க ஊர் ஊராக ஆள் பிடித்து, தன்னைக் கூப்பிட்டவர்களில் ஒருவனான தோய்னோனையே கொன்று, கடைசியில் வரவேற்ற ஊர்களே எதிரியோடு சேரும்படி செய்ததும் உண்மை. கி.மு. 275-இல் பெனவெண்டத்தில் ரோமிடம் பின்வாங்கினான். ஊர் திரும்பும்போது கூட இருந்தது 8,000 காலாட்படை, 500 குதிரை.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். அலெக்சாண்டர் பார்த்த ரோம் வேறு, பிர்ரஸ் பார்த்த ரோம் வேறு. நடுவில் ரோம் சாம்னைட்டுகளை அடக்கித் தெற்கே இறங்கிவிட்டது. நட்புக் கையெழுத்து அவ்வளவு சுலபமில்லை. இருந்தாலும் ஹெராக்ளியா வெற்றி முடிந்த கையோடு தூதன் சினியாஸை அனுப்பிச் சமாதானம் பேசியவன், அது நடக்கவில்லை என்றதும் ஒரே இடத்தில் நின்று பிடித்ததைக் காப்பாற்றியிருக்கலாம். அவனுக்கு நிற்கத் தெரியவில்லை. அலெக்சாண்டருக்குத் தெரிந்தது.

தண்ணீரும் கூரை ஓடும்

இருவர் சாவையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு தானாக நடக்கிறது.

அலெக்சாண்டருக்கு டொடோனாவில் ஒரு குறி சொல்லியிருந்தார்கள்: பந்தோசியாவிலும் அக்கெரான் ஆற்றுத் தண்ணீரிலும் உனக்குக் கண்டம். இரண்டும் எப்பைரஸில், அவன் கையிலேயே இருந்த இடங்கள். அவற்றைவிட்டு விலகிப் போவதற்காகவே இத்தாலிக்கு இன்னும் வேகமாகக் கிளம்பினான் என்கிறார்கள். இத்தாலியிலும் ஒரு பந்தோசியா இருந்தது. அதன் அருகே மூன்று குன்றுகளில் படையைப் பிரித்து நிறுத்தியிருந்தான். விடாத மழையில் வயல்கள் மூழ்கி, குன்றுகளுக்கு நடுவே போக்குவரத்து நின்றது. இரண்டு குன்றுகளில் இருந்த படையை எதிரி அழித்துவிட்டான். மன்னனோடு இருந்த சுமார் 200 லூக்கானிய அகதிகள், அவனைப் பிடித்துக் கொடுத்தால் ஊர் திரும்பலாம் என்று ரகசியமாகப் பேரம் பேசிவிட்டார்கள். அவன் வளையத்தை உடைத்து, எதிரித் தலைவனையும் கொன்று, ஆற்றங்கரைக்கு வந்தான். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அலுத்துப்போன ஒரு சிப்பாய் ஆற்றைத் திட்டினான்: ‘உனக்கு அக்கெரஸ் என்று பெயர் வைத்தது சரிதான்!’ மன்னன் காதில் அது விழுந்தது. ஒரு கணம் தயங்கினான். பின்னால் லூக்கானியர் நெருங்குவதைப் பணியாள் காட்டியதும் குதிரையைத் தண்ணீரில் இறக்கினான். கிட்டத்தட்டக் கரையேறும்போது ஓர் அகதி எறிந்த ஈட்டி பாய்ந்தது.

உடலை ஆறு எதிரியிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கொன்செண்டியாவுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தின் மேல் கல்லும் ஈட்டியும் எறிந்து விளையாடினார்கள். அப்போது கூட்டத்துக்குள் ஒரு பெண் புகுந்து, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று அழுதாள். அவள் புருஷனும் பிள்ளைகளும் எப்பைரஸில் பிணையாக இருந்தார்கள். சிதைந்த உடலாக இருந்தாலும் கொடுத்து அவர்களை மீட்கலாம் என்று அவள் நம்பினாள். அவள் ஒருத்தியால்தான் அவனுக்குச் சிதை கிடைத்தது. எலும்புகள் மெட்டபோண்டம் வழியாக எப்பைரஸுக்கு, மனைவி கிளியோபாத்ராவிடமும் அக்கா ஒலிம்பியாஸிடமும் போய்ச் சேர்ந்தன.

பிர்ரஸ் இத்தாலியிலிருந்து வந்த பிறகும் ஓயவில்லை. மாசிடோனியாவைப் பிடித்தான். அதை உறுதிப்படுத்தாமல் கி.மு. 272-இல் 24 யானைகளோடு ஸ்பார்ட்டா மேல் போனான். அங்கே பெண்களும் இறங்கி ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளம் வெட்டி அவனைத் தடுத்தார்கள். பின்வாங்கும் வழியில் மகன் தாலமியையும் இழந்தான். அங்கிருந்து ஆர்கோஸ். இரவில் யாரோ கதவைத் திறந்துவிட, படை உள்ளே போனது. வாசல் தாழ்வாக இருந்ததால் யானை மேலிருந்த கோபுரங்களைக் கழற்றி, உள்ளே போய் இருட்டில் மறுபடி மாட்டவேண்டியிருந்தது. அதற்குள் ஊர் விழித்துவிட்டது. விடிந்த பிறகு, குறுகிய தெருவில் பிர்ரஸ் ஓர் இளைஞனோடு மோதிக்கொண்டிருந்தான். இளைஞனின் ஏழைத் தாய் கூரைமேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஓட்டைப் பெயர்த்து அவன்மேல் போட்டாள். கழுத்தில் பட்டுச் சாய்ந்தவனின் தலையை ஒரு மாசிடோனியச் சிப்பாய் வெட்டினான். அந்தத் தலையைப் பார்த்து எதிரி மன்னன் ஆன்டிகோனஸே அழுதுவிட்டான்.

அதே வருஷம் டாரெண்டம் ரோமிடம் சரணடைந்தது. சுமார் 40 வருஷத்தில் மொலோசியர் பிர்ரஸின் வம்சத்தில் கடைசியாக மிஞ்சிய தெய்தாமியாவை அம்பிராசியாவில் கொன்று, இனி மன்னரே வேண்டாம் என்று முடிவுகட்டினார்கள். பாசரோனில் பாதிச் சத்தியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

நானூறு வருஷத்துக்கும் மேல் கழித்து ஆர்கோஸுக்குப் போன பயணி பௌசானியஸ், பிர்ரஸ் விழுந்த இடத்தில் தெமேதர் தேவியின் கோயிலைப் பார்க்கிறார். ஓட்டை எறிந்தது அந்தத் தேவியேதான் என்று ஊர்க்காரர்கள் அவரிடம் சொல்கிறார்கள். எலும்புகள் உள்ளே, வெண்கலக் கேடயம் வாசலுக்கு மேலே.